நடைபாதைக்கும் ஒரு கீமேன் வேண்டும்

ரயில்வேயில் 'கீமேன்' என்று ஒரு பணியாளர் உண்டு. விடிவதற்கு முன்பே தோளில் சுத்தியலும் கையில் கொடியும் விளக்குமாகத் தமக்கு ஒதுக்கப்பட்ட சில கிலோமீட்டர் தூரத்தை நடந்தே பார்வையிடுவார். கழன்ற சாவிகளை அடித்து இறுக்குவார். மார்கழிக் குளிரில் இரும்பு சுருங்கும். தண்டவாளத்தில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு விரிசலைக் கண்டுவிட்டால் ஓடிச் சென்று சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்துவார். அவருக்குக் கோட்ட அலுவலகத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழும் ரொக்கப் பரிசும் வரும். தண்டவாளப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் அத்தகைய பரிசுக்குச் சிலரை நானே பரிந்துரைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கீமேன் புதிதாக எதையும் கட்டவில்லை. ஒரு குறையைச் சொன்னார், அவ்வளவுதான். ஆயினும் அதைச் சொன்னதற்காக ரயில்வே அவரைக் கௌரவித்தது. நமது நகரங்களிலோ, "இந்த நடைபாதையில் குழி இருக்கிறது" என்று சொல்பவருக்கு 'தொல்லை பிடித்தவர்' என்ற பட்டம்தான் கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் காய்கறி வாங்கச் சென்ற என் மனைவி, சாக்கடை மேல் மூடியிருந்த கற்பலகை ஆடியதால் கால் இடறி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டிலேயே இருந்தார். உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு இளம்பெண், அலுவலகம் போகும் வழியில் ஆடும் பலகைகளை எல்லாம் எண்ணி, படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு நேரில் போய் நின்றார். நாற்பதாம் நாள் பலகைகள் மாற்றப்பட்டன. அந்தப் பெண்ணுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் சொல்லவில்லை. அந்த உறுத்தல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இது சிறிய விஷயம் அன்று. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். நடைபாதை இல்லாததாலோ, இருந்தும் நடக்க முடியாததாலோ சாலையில் இறங்கி நடக்கவேண்டி வந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

அளவு என்ன சொல்கிறது?

ஒரு நடைபாதை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் விதிமுறை வகுத்திருக்கிறது. தடையின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர். நமது அகல ரயில்பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள 1,676 மில்லிமீட்டரைவிட இது சற்றே அதிகம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிச் செல்ல இந்த அகலம் போதும். உயரமோ 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது ஆறு அங்குலம். அதற்கு மேல் உயர்ந்தால் முதியவர்கள் ஏறமாட்டார்கள், சாலையிலேயே நடப்பார்கள்.

ரயில் ஓடும் வெளிக்குள் ஒரு கம்பம் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் நாங்கள் வண்டியை விடமாட்டோம். நடைபாதையின் 1.8 மீட்டருக்குள் மின்மாற்றிப் பெட்டி, விளம்பரப் பலகை, நிறுத்திய ஸ்கூட்டர் எல்லாம் இருக்கலாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

கடந்த 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறியது. மாநிலங்கள் இதற்கான நெறிமுறைகளை வகுக்கவேண்டும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதைகள் அமையவேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆக, நடைபாதை கேட்பது சலுகை கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

சைக்கிளுக்கு ஒரு மேயர்

நடப்பவர்களுக்காகவும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்காகவும் குரல் கொடுப்பவர்களைக் கௌரவிக்க உலகில் சில வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று 'சைக்கிள் மேயர்' என்னும் பொறுப்பு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2016-இல் தொடங்கிய ஏற்பாடு இது. சம்பளம் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரோடு அரசு அலுவலகக் கதவைத் தட்டினால் உள்ளே உட்காரச் சொல்கிறார்கள்.

அந்த நாடு பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நினைத்துவிட வேண்டாம். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அரசு தன் வழியை மாற்றிக்கொண்டது. குரல் கொடுத்தவர்களால் வந்த பாதைகள் அவை.

நமது பெங்களூருக்கு 2018-இல் சத்யா சங்கரன் சைக்கிள் மேயர் ஆனார். நகரப் போக்குவரத்துக்காகவும் புறநகர் ரயிலுக்காகவும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் உழைத்தவர். வேலைக்குச் சைக்கிளில் செல்லும் பழக்கத்தை நிறுவனங்களுக்கிடையே ஒரு போட்டியாகவே அவர் மாற்றினார். 2020 ஊரடங்கின்போது வீட்டை விட்டு வெளியே வரமுடியாத முதியவர்களுக்கு மருந்தும் மளிகையும் சைக்கிளில் கொண்டு சேர்க்கும் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். மகனும் மகளும் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு அது எத்தகைய உதவி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கும் முன்னோடி உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முழுமனதோடு ஆதரித்தார். பெருமளவில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர்களும் உண்டு. முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கே பெண்களைக் கூட்டத்தின் முன் ஓட்டிக்காட்டச் செய்ததும், போட்டி வைத்ததும், கைதட்டியதும் ஒருவகைப் பாராட்டுதானே? கேலி பேசிய ஊரின் வாயை அந்தக் கைதட்டல்தான் அடைத்தது.

பட்டம் போதுமா?

போதாது. பெங்களூரிலேயே 2020-இல் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கென்று தனித் தடம் அமைத்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் அதற்குள் புகுந்தன, பிறகு மெட்ரோ வேலையும் வந்தது, தடம் நிலைக்கவில்லை. போட்ட பாதையைக் காக்க ஆள் வேண்டும்.

மறுபுறம், விட்டல் மல்லையா சாலை, ரெசிடென்சி சாலை ஆகியவற்றில் 'டெண்டர்ஷ்யூர்' திட்டத்தில் அமைத்த நடைபாதைகளைப் பாருங்கள். குடிநீர், மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எல்லாவற்றுக்கும் நடைபாதைக்கு அடியிலேயே முன்கூட்டி வழி வைத்தார்கள். ஒவ்வொரு துறையும் வந்து தோண்டிப் போடும் அவசியம் குறைந்தது. நமது நடைபாதைகள் உடைவதற்கு முதற்காரணம் இந்தத் தோண்டல்தான். ஸ்வாதி ராமநாதனின் ஜனா அர்பன் ஸ்பேஸ் அமைப்பு இவ்வாறு ஓர் அளவுக் குறிப்பையே எழுதிக் கொடுத்து வாதாடியது. குறை சொன்னதோடு நிற்காமல், ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுதவேண்டும் என்பதையும் சொன்ன முயற்சி இது.

எனவே யாரைப் பாராட்டுவது என்று கேட்டால், என் அளவுகோல் மூன்று. நேரில் நடந்து பார்த்தவரா? அளந்து எழுதியவரா? சரிசெய்த பிறகும் திரும்பப் போய்ப் பார்த்தவரா? கீமேனிடமும் நாங்கள் இதைத்தான் எதிர்பார்த்தோம்.

நாம் செய்யக்கூடியது

ஒரு காலத்தில் இவ்வூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகளின் வாசலில் ஷிப்டு முடிந்ததும் சைக்கிள்கள் வெள்ளம்போல் வரும். அவற்றை ஓட்டியவர்களில் நம் தந்தையரும் மாமன்மாரும் எத்தனையோ பேர். கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் தகரப் பெட்டியோடு இறங்கி, அல்சூருக்கும் சிவாஜி நகருக்கும் நடந்தே வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முடையவை. நடையும் சைக்கிளும் நமக்குப் புதியவை அல்ல.

நம் விழாக்களில் ஆண்டுதோறும் பலருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதில் ஒன்றை அடுத்த ஆண்டு முதல் நம் தெருவின் நடைபாதைக்காக மனு எழுதியவருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் பாதுகாப்பாகச் சைக்கிளில் போக வழி கேட்டவருக்கும் ஒதுக்கினால் என்ன? அவர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தடுக்கி விழுபவரின் மொழியைக் கேட்டுக் குழி விலகுவதில்லையே!

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். சென்ற வாரம் மனைவியுடன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்தேன். சற்றுக் காலம் கடந்த நன்றிதான். "பரவாயில்லை சார், மூணாவது பலகை மறுபடி ஆடுது, பாத்தீங்களா?" என்றார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நாளைக் காலை இருவரும் போவதாக இருக்கிறோம்.