பழைய டட்சனில் புது இன்ஜின்

சுங்கை பூலோவில் எங்கள் வீட்டு போர்ச்சில் நிற்பது அப்பா காய்கறி ஏற்றிய டட்சன் 1200 பிக்கப். அதன் ஏ12 இன்ஜின் 1171 சிசி, கார்புரேட்டர் வகை. அதைக் கழற்றிவிட்டு நிசான் சில்வியாவின் எஸ்ஆர்20 இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் ஹாஃப்-கட் வாங்கினால் இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்துவிடும்.

செயின் பிளாக்கில் தூக்கி இன்ஜினை இறக்குவது சுலபம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். ஆகவே பம்ப், குழாய், கிளிப் அத்தனையும் மாற்றவேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை அளந்து வெட்டி, பாலன்ஸ் பார்க்கவேண்டும். கோணம் பிசகினால் வேகமெடுக்கும்போது வண்டியே நடுங்கும். 1998 சிசி இன்ஜின் தரும் வேகத்துக்குப் பழைய டிரம் பிரேக் ஈடுகொடுக்காது. முதலில் டிஸ்க் பிரேக், பிறகே இன்ஜின் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

கெரானில், அதாவது வாகனப் பதிவு ஆவணத்தில், இன்ஜின் எண் பதிவாகியிருக்கிறது. அதனால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் கட்டாயம். அவை முடியாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும்; பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமல்ல, எதிரே வந்தவரும்தான்.