மீட்டர் காணாத ஓர் ஓம்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிக்குள் இரண்டு வகை மின்சாரம் உண்டு. முகாம் மைதானத்து மின்கம்பத்தில் பிளக்கைச் செருகினால் 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வரும். ஏசியும் மைக்ரோவேவும் அதில் ஓடும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை நம்பியவை. அதனால் பழுது பார்ப்பவரின் முதல் கேள்வி, எது ஓடுகிறது என்பதுதான். மைக்ரோவேவ் ஓடி, பம்ப் மட்டும் முனகினால், கோளாறு 12 வோல்ட் பக்கம்.

கம்பத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ். ப்யூஸ் எரியவில்லை. பம்பைக் கழற்றி, அதற்கு வரும் இரண்டு வயர்களிலும் மல்டிமீட்டரை வைத்தால் அங்கேயும் 12.6. ஆனால் பம்பை மாட்டியதும் மறுபடி முனகல். பம்ப்தான் போய்விட்டது என்று பலர் புதிது வாங்குகிறார்கள். புதியதும் முனகுகிறது.

வண்டியில் பல கருவிகளிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் வழி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். வயரின் முனையைச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அதுதான் பாடி எர்த். மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும், ஓயாத குலுக்கலும் அங்கே துருவை ஏற்றுகின்றன. துருவின் தடை 1 ஓம் என்றும், ஓடும் பம்ப் 2 ஓம் போல நடந்துகொள்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி 12.6ஐ 3ஆல் வகுத்தால் 4.2 ஆம்பியர். அந்த மின்னோட்டம் துருவைக் கடக்கும்போதே 4.2 வோல்ட் போய்விடுகிறது. பம்புக்கு மிச்சம் 8.4 வோல்ட்தான்.

பம்பைக் கழற்றி அளந்தபோது இது ஏன் தெரியவில்லை? சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அதன் வழியே போவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டிய மின்னோட்டம். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்குத் துரு ஒரு தடையே இல்லை. பாதையில் தடை இருக்கிறதா என்பது, மின்சாரம் நிறையப் பாயும்போதுதான் தெரியவரும்.

எனவே பம்பை ஓடவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மற்றது பம்பின் நெகட்டிவ் வயரில். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் திரும்பும் பாதை நலம். 4.2 காட்டினால் குற்றவாளி அங்கேதான். போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கிவிட்டால் போதும்.

தள்ளிப்போடக் கூடாத வேலை இது. அந்தத் துருவில் வீணாகும் திறன் ஏறக்குறைய 18 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. 10 ஆம்பியர் ப்யூஸ் இதைத் தடுக்காது. அது காவல் காப்பது மின்னோட்டம் கூடுவதை மட்டுமே. இங்கேயோ துரு அதை 6.3 ஆம்பியரிலிருந்து 4.2ஆகக் குறைத்துவிட்டது.