மிருக வைத்தியர்மீது முறைப்பாடு

பசு இறந்துவிட்டது, வைத்தியரின் கவனக்குறைவே காரணமென உரிமையாளர் கருதுகிறார். பிரித்தானியாவில் இத்தகைய முறைப்பாடுகள் அரச மிருக வைத்தியர் கல்லூரியைச் சேரும். பெயர் கல்லூரியாயினும் அங்கே பாடம் நடப்பதில்லை. வைத்தியர் பதிவேட்டைக் காப்பதே அதன் கடமை.

1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி முதனிலை விசாரணைக் குழு முறைப்பாட்டை ஆராயும். பாரதூரமானவை மட்டுமே ஒழுக்காற்றுக் குழுவுக்குச் செல்லும். கல்லூரிச் சபையினர் 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இக்குழுக்களில் அமர்வதில்லை. தொழிலாளரைத் தொழிலாளரே காப்பர் என்னும் ஐயம் இதனால் ஓரளவு நீங்கிற்று.

ஆயினும் உரிமையாளருக்குக் கல்லூரி நட்டஈடு பெற்றுத் தராது. அதற்கு நீதிமன்றமே வழி. சாதாரணத் தவறும் தண்டிக்கப்படாது. தொழிலுக்கு இழுக்கான நடத்தை மெய்ப்பிக்கப்பட்டால் பெயர் நீக்கப்படலாம், அன்றேல் இடைநிறுத்தப்படலாம். வைத்தியர் 28 நாட்களுள் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடலாம். பெயர் நீக்கப்பட்டவர் 10 மாதங்கள் கழியுமுன் மீளப் பதியுமாறு விண்ணப்பிக்க இயலாது.