பேரன் முன்னே, தாத்தா பின்னே

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்று தனி விதிகளை வெளியிட்டது. ஓர் இடத்தில் நச்சுக் கழிவு மண்ணுக்குள் இறங்கியிருக்கலாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்தால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொல்ல வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு நடக்கும். நாடு முழுவதும் இதுவரை 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருக்கிறது என்ற கணக்கும் கூடவே வந்தது. ஏழு என்பது வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் யோசிக்க வேண்டிய எண் 90. அந்த 90 நாளில் எதைத் தேடப் போகிறார்கள்? தோல் பதனிடும் ஊர் என்றால் ‘குரோமியத்தை’ என்று பதில் வரும். திண்டுக்கல்லைப் பொறுத்தவரை அது தவறான முதல் கேள்வி. முதலில் தேட வேண்டியது உப்பை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் பதமானது. 1970-களில் பாதிப் பதமான தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் கிடைத்ததும் குரோமியம் பரவலாக உள்ளே வந்தது. ஊர்க்காரர்கள் ‘தோல்ஷாப்’ என்று சொல்லும் ஆலைகள் திண்டுக்கல்லைச் சுற்றி, கொடகனாற்றின் மேல்வடிநிலத்தில், பெருகின. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பை வேலூர் மாவட்டத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலேயே திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து 2005-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். வரலாறு போதும்.

இனி வேதியியல். ஆட்டுத்தோல் ஆலைக்கு வரும்போதே உப்பில் புரண்டுதான் வருகிறது. அழுகாமல் இருக்க அதுதான் மலிவான வழி. ஆலையில் நடக்கும் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. குரோமியம் பல கட்டங்கள் தள்ளித்தான் வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைச் சகதியாகப் படியவைத்துப் பிடித்துவிடும். கரைந்த உப்போ வழக்கமான தொட்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். மண்ணுக்குள் இறங்கியதும் இந்த இரண்டின் குணமும் இன்னும் விலகுகிறது. பதனிடும் குரோமியம் நேர்மின்னூட்டம் கொண்டது, களிமண்ணின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, அமிலத்தன்மை குறைந்த நீரில் அந்தக் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படிந்தும்விடும். உப்பிலுள்ள குளோரைடுக்கும் களிமண்ணுக்கும் ஒரே மின்னூட்டம், ஆகவே ஒட்டாது. இதில் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. களிமண் விரட்டுவதால் குளோரைடு மிகக் குறுகிய துளைகளுக்குள் நுழைவதில்லை, அகலமான பாதைகளிலேயே போகிறது. அதனால் சில மண்களில் அது தன்னைச் சுமந்து செல்லும் தண்ணீரின் சராசரி வேகத்தையே சற்று மிஞ்சிவிடும்.

ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் தாத்தாவையும் பேரனையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் நேரே வீட்டுக்கு நடக்கிறான். தாத்தா திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்து நலம் விசாரித்து வருகிறார். இருவரின் நடை வேகமும் ஒன்றுதான். உட்காரும் நேரம்தான் வேறு. நடந்த நேரத்தைப் போல் 49 மடங்கு நேரம் தாத்தா உட்கார்ந்திருந்தால், பேரன் 50 வீடு கடக்கும்போது அவர் ஒரு வீடு கடந்திருப்பார். நிலத்தடி நீரியலில் இதைத் தாமதக் காரணி என்கிறார்கள். இங்கே அதன் மதிப்பு 50. பேரன் வாசலில் நின்றதுமே பாட்டி உலை வைத்துவிடுகிறாள். தாத்தாவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அரிசி களைவேன் என்று அவள் அடம்பிடிப்பதில்லை. உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். திண்ணைகளில் இடம் நிறைந்துவிட்டால் அடுத்து வரும் தாத்தாக்கள் உட்கார இடமில்லாமல் வேகமாக நடப்பார்கள். ஒட்டும் இடம் தீர்ந்த மண்ணில் குரோமியமும் அப்படித்தான். மழை தூறினால் திண்ணையில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து கிளம்புவார்கள். அமிலம் கலந்தால் படிந்த குரோமியம் மறுபடி கரையும். தாத்தாவுக்கு யாராவது மொபெட் வாங்கிக் கொடுத்துவிட்டால்? அதற்கும் ஒரு வேதியியல் உண்டு, பிறகு வருவோம்.

பேரன் வந்துவிட்டான் என்று அறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். மின்கடத்துதிறனை வைத்துக் கரைந்த உப்பைச் சொல்லும் கருவி அது. குளோரைடைத் தனியாக அளக்க சில்வர் நைட்ரேட் சொட்டும் பள்ளிக்கூடச் சோதனை இருக்கிறது. எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு மூன்று கிணறு வேண்டும். முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், தண்ணீர்ப் பரப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பத்தாம் வகுப்பு வடிவியல் சொல்லிவிடும். எவ்வளவு வேகம் என்பதற்கு 1856-இல் பிரான்ஸின் டார்சி தந்த விதி உண்டு. 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு, நாளுக்கு 2 மீட்டர் ஊடுருவுதிறன், நூற்றுக்குப் பத்துப் பங்கு இடைவெளி என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தண்ணீர் நாளுக்கு 10 சென்டிமீட்டர், வருடத்துக்கு 36.5 மீட்டர் போகும். மற்றவை அப்படியே இருக்க, இடைவெளி நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தால்? வேகம் குறைவதில்லை, பத்து மடங்கு ஏறி வருடத்துக்கு 365 மீட்டர் ஆகிறது. அதே அளவு தண்ணீர் குறுகிய சந்தில் போக வேண்டுமானால் ஓடத்தான் வேண்டும். சிதைந்த பாறைக்குக் கீழே வெடிப்புகளில் நீர் ஓடும் திண்டுக்கல் சமவெளிக்கு இந்தக் கணக்கு வெறும் பயிற்சிக் கணக்கு அல்ல.

இதை மறுப்பவர்கள் முதலில் கேட்பது நியாயமான கேள்வி: உப்பு தோல்ஷாப்பிலிருந்துதான் வர வேண்டுமா? சாக்கடையில் உப்பு இருக்கிறது. வறண்ட நிலத்தில் பாசன நீர் ஆவியாகி ஆவியாகியும் உப்பு சேர்கிறது. உண்மைதான், பேரன் தனியாக வேறு பஸ்ஸிலும் வரலாம். அதனால்தான் சந்தேக இடத்துக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் கிணற்றை அளக்காமல் பள்ளப் பக்கத்துக் கிணற்றை மட்டும் அளப்பது வீண்வேலை. நைட்ரேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் சாக்கடையையோ உரத்தையோ சந்தேகிக்கலாம். புரோமைடு இன்னும் நுட்பமான சாட்சி. உப்பளத்தில் உப்பு படிகமாகும்போது புரோமைடு பெரும்பாலும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மூட்டை உப்பு கலந்த நீரில் புரோமைடுக்குக் குளோரைடு மிக அதிகம். ஆவியாகி உப்பேறிய நீரில் அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் வீட்டுச் சாக்கடையிலும் மூட்டை உப்புதான் என்பதால் இது தனியாகத் தீர்ப்பு எழுதாது. சரிவு, நைட்ரேட், புரோமைடு மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் அடுத்த போர்வெல்லை எங்கே போடுவது என்று சொல்லலாம். முதற்கட்ட ஆய்வின் வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு பாறையைப் பற்றியது. டார்சியின் விதி மணல் நிரப்பிய குழாயில் பிறந்தது. வெடிப்புப் பாறையில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே ஒத்துப்போவதில்லை, ஊற்றுக்கண் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்தது என்பார்கள். போதாக்குறைக்கு, தோட்டத்து மோட்டார் நாள் முழுக்க ஓடினால் தண்ணீரின் சரிவே அதன் பக்கம் திரும்பிவிடும். இதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இதிலிருந்து ‘அளந்து பயனில்லை’ என்ற முடிவு வராது. கெட்ட கிணறும் நல்ல கிணறும் சமமான சாட்சிகள் அல்ல என்பதுதான் வரும். ஒரு கிணற்றில் உப்பு ஏறியிருந்தால், ஏதோ ஒரு வழி அங்கே வந்து சேர்கிறது என்று பொருள். பக்கத்துக் கிணறு நன்றாக இருந்தால், அந்த வெடிப்பு அந்தக் கிணற்றைத் தொடவில்லை என்று மட்டுமே பொருள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதுவது, பாறையைப் பற்றிய அறியாமையைக் கணக்காக மாற்றும் வேலை.

இங்கேதான் வண்ண வரைபட வியாபாரிகள் நுழைகிறார்கள். செயற்கைக்கோள் படமும் செயற்கை நுண்ணறிவும் இருந்தால் கிணற்றை எட்டிப் பார்க்காமலே மாவட்டத்தின் மாசு முழுவதையும் சிவப்பு, மஞ்சள், பச்சையாகத் தீட்டித் தருவார்களாம். இதன் மூதாதை 1987-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட ‘டிராஸ்டிக்’ முறை. நீர்மட்ட ஆழம், மண், சரிவு என்று ஏழு பாடங்களுக்கு மதிப்பெண் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். எந்த நிலம் எளிதில் மாசுபடக்கூடியது என்று ஒப்பிட அது உதவும். மாசு பட்டிருக்கிறதா, எதுவரை போயிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேட்டால் சொல்வதாக அந்த முறையும் வாக்குக் கொடுக்கவில்லை. புதிய மென்பொருள்கள் அந்த அடக்கத்தைத்தான் முதலில் கைவிட்டிருக்கின்றன. நூறு கிணறுகளின் அளவு இல்லாத ஊரில் கணினி நிரப்பும் இடைவெளி கணினியின் ஊகம். பச்சை நிறம் அடித்தால் அது அளவீடாகிவிடாது.

மூன்றாவது மறுப்பு தந்திரமானது: குரோமியம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறது என்றால் கவலை எதற்கு? முதல் பதில், உப்பே போதுமான கேடு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய கிணற்றில் குரோமியம் இல்லை என்பது யாருக்கும் ஆறுதல் அல்ல. இரண்டாவது பதில் அந்த மொபெட். மண்ணில் இயல்பாக இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு, மூன்று இணைதிறன் கொண்ட குரோமியத்தில் ஒரு பகுதியை ஆறு இணைதிறனுக்கு மாற்ற வல்லது. ஆறாக மாறியது எதிர்மின்னூட்டம் பெற்று, களிமண்ணை விட்டு விலகிப் பேரனோடு சேர்ந்து ஓடும். நஞ்சும் அதுதான் அதிகம். மொபெட்டிலேயே வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டை காட்டுகிறது. அங்கே குரோமேட் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் ஆறு இணைதிறன் குரோமியம் நேராகவே இருக்கிறது. திண்டுக்கல்லின் கதை அதைவிட மெதுவானது. மெதுவானதைத்தான் 90 நாள் ஆய்வு தவறவிடும்.

விதியின் பலவீனமும் அங்கேதான். திண்டுக்கல் பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை. மழை முடிந்த கையோடு அளந்தால் கிணற்று நீர் நீர்த்துப்போய் யோக்கியமாகத் தெரியலாம். கோடையின் முடிவில் அதே கிணறு கரிக்கும். அல்லது நேர்மாறாக, மண்ணில் காய்ந்து கிடந்த உப்பை முதல் மழை அடித்துக்கொண்டுபோய் உள்ளே இறக்கலாம். தொடர்ச்சியான 90 நாளில் இந்த இரண்டு பருவமும் ஒருசேர அடங்குவது கடினம். ஆகவே முதற்கட்ட அறிக்கையில் ‘குரோமியம் கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அதே வரியில் இன்னும் மூன்று தகவல் கேட்க வேண்டும்: அன்றைய குளோரைடு எவ்வளவு, மேட்டுப் பக்கக் கிணற்றில் எவ்வளவு, நீர்மட்டம் எத்தனை மீட்டர். பள்ளப் பக்கத்தில் குளோரைடு ஏறியிருந்தால், மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் அதே கிணறுகளை மறுபடி அளக்கும்வரை கோப்பை மூடக்கூடாது. இதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். ஒரு மீட்டரும், கிணற்று ஆழம் பார்க்க ஒரு நாடாவும், வருடத்துக்கு இரண்டு முறை அதே வரப்பில் நடந்து போக ஓர் ஆளும் போதும்.