நிறுவனத்தின் குறிப்பேட்டுக்கு எந்த மென்பொருள்?



பெண்ணாடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஏஜென்சி, சிறு கம்பெனி நடத்தும் சகோதரர்கள் சிலர் கேட்கும் கேள்வி இது. எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் கடன், திரும்பி வந்த சரக்கை என்ன செய்வது, ஜிஎஸ்டி தாக்கலுக்கு எந்தெந்தப் பில் வேண்டும் என்பதெல்லாம் ஒரு பழைய ஊழியரின் மனதில்தான் இருக்கிறது. அவருக்கு வளைகுடா விசா வந்துவிட்டால் தொழில் தடுமாறுகிறது. டிரஸ்டுகளின் நிலையும் இதுதான். கல்வி உதவி மனுவுக்கு என்ன சான்று, வக்ஃபு கடையின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைச் சொல்ல ஒருவர்தான் இருப்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பது பற்றியதுதான் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள்.

பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இத்தகைய மென்பொருளை 'விக்கி' என்பார்கள். 1995இல் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு.

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கியில். இலவசம், உறுதியானது. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது அது. ஒரு பக்கத்தை மட்டும் சிலருக்கு மறைத்து வைக்க அது ஏற்றதல்ல. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு இது பெரிய குறை. நமக்கோ இன்னும் பெரியது. ஜகாத் கேட்டு வந்தவரின் பெயர் தேவையில்லாத ஒருவர் கண்ணில் பட்டால் அவருடைய மானம் போய்விடும். யார் யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி டோக்குவிக்கி, புக்ஸ்டாக் இரண்டிலும் உண்டு. அப்படியிருந்தும், மனு எப்படிப் பரிசீலிக்கப்படுகிறது என்பதைத்தான் விக்கியில் எழுத வேண்டும். மனுதாரர் பட்டியல் தனியே பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து, நாளை வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் கான்ஃபுளுயன்ஸின் சொந்த சர்வர் பதிப்புக்கு, 2024 பிப்ரவரி 15உடன் அட்லாசியன் நிறுவனம் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு பதிப்புக்கோ கிளவுடுக்கோ மாற வேண்டியதாயிற்று. டோக்குவிக்கியில் ஒவ்வொரு பக்கமும் சாதாரண எழுத்துக் கோப்பு, டேட்டாபேஸ் கிடையாது. ஃபோல்டரைப் பென் டிரைவில் நகலெடுத்தால் பேக்கப் ஆயிற்று. இதற்காகவே சிறு அலுவலகங்களுக்கு நாம் அதைச் சொல்கிறோம். புக்ஸ்டாக் பார்வைக்கு அழகு. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று பிரித்திருப்பதால் கணினிப் பழக்கம் இல்லாதவருக்கும் புரியும். ஆனால் அதற்கு டேட்டாபேஸ் தெரிந்த ஆள் வேண்டும். சர்வரைக் கவனிக்கவே ஆளில்லை என்றால் நம் சென்னை ஜோஹோவின் 'லேர்ன்' போன்ற ஆயத்த சேவையை எடுத்துக்கொள்வது மேல்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று தமிழ்த் தேடல். 'ஒப்பந்தம்' என்று தேடினால் 'ஒப்பந்தத்தை' என்று எழுதிய பக்கம் பெரும்பாலும் வராது. டோக்குவிக்கியில் 'ஒப்பந்த' என்று எழுதி நட்சத்திரக் குறி சேர்த்தால் இரண்டும் வரும். வாங்குமுன் உங்கள் பழைய கடிதங்கள் பத்தை ஏற்றித் தேடிப் பாருங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தவற்றை முதலில் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையேல் எந்த மென்பொருளிலும் அகப்படாது. டோக்குவிக்கியில் தமிழ்த் தலைப்பு வைத்தால் கோப்பின் பெயர் சதவீதக் குறிகளாக நீண்டுவிடும். நிறுவும்போதே அமைப்புகளில் கோப்புப் பெயர் முறையை யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள்.

நிறுவ ஒரு மாலைப் பொழுது போதும். எழுத வைப்பதுதான் கஷ்டம். பழைய ஊழியரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு இளைஞர் தட்டச்சு செய்யட்டும். வாரம் இரண்டு பக்கம் போதும். கணினி படித்த பிள்ளைகள் இதற்கு முன்வந்தால் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.