உங்களுக்குத் தெரியுமா? ஆலங்குடா குசினியும் பிரெஞ்சு மேசையும்

நவம்பர் பிறந்தால் கற்பிட்டியின் ஆலங்குடாக் கரைக்கு டொல்பின் பார்க்க வெளிநாட்டார் வந்து இறங்குவார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரரும் உண்டு. அந்த நாட்டுப் பெரிய ரெஸ்டோரண்டுகளில் சாப்பிட உட்கார்ந்தால் ஆயிரம் முறை இருக்கும். அதில் சிலது நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

★ சமைக்கும் இடத்தை நாம் 'குசினி' என்கிறோம். பிரெஞ்சுக்காரர் 'குவிசீன்' என்கிறார்கள். நம்முடையது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இரண்டுக்கும் தாய் லத்தீன். 'பாண்' என்ற சொல்லின் கதையும் இதேதான்.

★ 'ரெஸ்டோரண்ட்' முதலில் கடையின் பெயரல்ல, சூப்பின் பெயர். களைத்தவருக்குத் தெம்பு தரும் இறைச்சிச் சாற்றை 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அப்படி அழைத்தார்கள். சாறு விற்ற கடைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

★ மெனுவில் 'ஒமார்' என்று இருந்தால், அது நம் கடலின் சிங்கி இறால் அல்ல. ஒமாருக்கு நண்டுபோலப் பெரிய கொடுக்குகள் உண்டு. கொடுக்கில்லாமல் நீண்ட முள் மீசையோடு கற்பிட்டி வலையில் ஏறுவதன் பிரெஞ்சுப் பெயர் 'லாங்கூஸ்த்'. முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம்.

★ பிரெஞ்சுச் சமையற்காரர் பெரிதாக மதிக்கும் உப்பு 'உப்புப் பூ'. காற்று மெல்ல வீசும் வெயில் நாளில் பாத்தி நீரின் மேல் பூவாடைபோல ஒரு படலம் கட்டும். அது அடியில் அமிழ்வதற்குள், பால் ஆடை எடுப்பதுபோலக் கையால் வழித்தெடுப்பார்கள். பிரான்சில் இதற்குப் பேர்போன ஊர் கெராந்து. புத்தளத்து உப்பளக்காரருக்குப் பாத்தியும் வெயிலும் காற்றும் சொல்லித் தர வேண்டியதில்லை.

★ பாரிஸ் நகரின் சிறந்த பகெத் பாணுக்கான போட்டியில் 2023இல் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பரிசோடு ஒரு பொறுப்பும் வந்தது: ஓராண்டுக்குப் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுப்பது!

★ 'ஆந்த்ரே' என்றால் அமெரிக்காவில் பிரதான உணவு. பிரான்சிலோ அது முதல் தட்டு. அடுத்து மீனோ இறைச்சியோ, பிறகு சீஸ், கடைசியில்தான் இனிப்பு. இந்தப் பிரெஞ்சு விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

★ முள்ளுக்கரண்டியை முள் கீழே பார்க்கும்படி வைப்பது பிரெஞ்சு வழக்கம். குடும்ப முத்திரையை அவர்கள் பின்பக்கத்தில் பொறித்தார்கள். அது விருந்தாளியின் கண்ணில் பட வேண்டுமே! சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். பரிமாறுபவர் கேட்காமலே எடுத்துப்போவார்.

★ சில பெரிய ரெஸ்டோரண்டுகளில் விருந்தாளி கையில் வரும் மெனுவில் விலையே இருக்காது. அழைத்துவந்தவரின் மெனுவில் மட்டுந்தான் விலை. வியர்வையும் அவருக்குத்தான்.

★ குழாய்த் தண்ணீர் கேட்டால் பிரான்சில் சாப்பாட்டோடு இலவசம். "கராஃப் தோ" என்று கேட்க வேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வரும், பில்லும் வரும்.

★ ஹலால் பார்ப்பவர் இறைச்சியை மட்டும் விசாரித்தால் போதாது. 'கோக் ஓ வன்' வைனில் வெந்த கோழி. பல சோஸ்களிலும் வைன் இருக்கும், சில இனிப்புகளில் ஜெலட்டின். ஓர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

★ உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலன், டயர் கம்பெனி. கார் ஓட்டிகளுக்காக 1900இல் வழிகாட்டிப் புத்தகம் போட்டது. ஊர் ஊராக ஓடினால் டயர் தேயும் அல்லவா? நட்சத்திரம் வந்தது 1926இல்.

★ ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைப்பது பிரெஞ்சு வழக்கம் என்றுதானே நினைக்கிறோம்? அது 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் இருந்து போனது. அதற்கு முன் பிரெஞ்சு விருந்திலும் பல கறிகளை ஒன்றாக மேசையில் பரப்பிவிடுவார்கள். அவரவர் கைக்கு எட்டியதே அவரவர் பங்கு. கல்யாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பழகியவருக்கு இது தெரிந்த கதைதான்: பெரிய கோழித்துண்டு யார் பக்கம் விழுகிறதோ, அவர் அதிர்ஷ்டசாலி!