சாவி வாங்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரம் வரும் சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் லாட்ஜ் விசாரிப்பார்கள். இப்போது, "ரெண்டு நாளைக்கு ஒரு கார் மட்டும் சொல்லி வைங்க சித்தப்பா, நாங்களே ஓட்டிக்கிறோம்" என்கிறார்கள். நியாயமான ஆசைதான். தெற்கே கோவளம், விழிஞ்ஞம், பூவார் பொழிமுகம். வடக்கே அஞ்சுதெங்கு கோட்டை, வர்க்கலைக் குன்று, காப்பில், பரவூர், கொல்லம், அதற்கப்பால் அஷ்டமுடிக் காயலும் கல்லடையாறும் சேருமிடத்தில் மன்றோ துருத்து. கடலை ஒட்டிப் போகும் இந்த வழியில் நினைத்த இடத்தில் இறங்கி நிற்க, கையில் வண்டி இருந்தால்தான் முடியும். வாடகையைப் பிறகு பேசலாம், முதலில் நம்பர் பிளேட் என்ன நிறம் என்று கேள் என்பேன்.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சளில் கறுப்பு, டிரைவரோடு வரும் டாக்சி. நாமே ஓட்ட வாடகைக்குத் தரும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் 1989இல் வந்த திட்டம் இதற்கென்றே இருக்கிறது. அதன்படி லைசென்ஸ் பெற, அகில இந்திய பெர்மிட் உள்ள 50 கார்களாவது வேண்டும். ஸ்கூட்டர், பைக்குக்கு 1997ஆம் ஆண்டுத் திட்டம். அதற்கு 5 வண்டி போதும். ஐம்பது கார் என்பது சிறு முதலாளிக்கு எட்டாத எண்ணிக்கை, அதைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. எட்டாததால்தான் வெள்ளை பிளேட் கார்கள் கைமாறிக் கைமாறி வாடகைக்கு ஓடுகின்றன. ஆனால் சட்டம் மாறும்வரை அதன் சுமையைத் தாங்குவது சாவி வாங்கிய பயணிதான்.

எப்படி என்று சொல்கிறேன். 2024 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, மழை. ஆலப்புழை களர்கோட்டில் ஒரு டவேரா கார் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்மீது மோதியது. உள்ளே வண்டானம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பதினோரு பேர். ஐந்து பேர் அன்றிரவே போனார்கள். ஆறாவது பிள்ளை சில நாளில் மருத்துவமனையில் இறந்தான். கார் தனியார் ஒருவருடையது. பழக்கத்துக்காகக் கொடுத்தேன் என்றார் உரிமையாளர். ஆனால் மாணவர் ஒருவர் ஆயிரம் ரூபாய் அனுப்பியதற்குப் பணப் பரிமாற்றப் பதிவு இருந்தது. முறையில்லாமல் வாடகைக்கு விட்டதாக மோட்டார் வாகனத் துறை அவர்மீது நடவடிக்கை எடுத்தது.

வெள்ளை பிளேட் வண்டி கொடுப்பவர் சாவியோடு ஒரு பாடத்தையும் சேர்த்துக் கொடுப்பார்: "போலீஸ் கேட்டால் கூட்டுகாரனோட வண்டின்னு சொல்லிடுங்க." அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால், பிறகு வாடகை கொடுத்தேன், அட்வான்ஸ் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? உண்மையைச் சொன்னாலும் இன்சூரன்ஸ் சிக்கல் தீராது. பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பாலிசி நிபந்தனையை மீறுவது. இழப்பீட்டை எதிர்த்து நிற்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு கொடுக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று. அடிபட்ட வழிப்போக்கருக்கு முதலில் பணம் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும் தீர்ப்புகள் உண்டு. காருக்குள் இருப்பவர்களுக்கோ அதுவும் உறுதியில்லை. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள தனியார் காரில் உடன் வருபவர்களுக்குக் காப்பு கிடையாது. ஓட்டியவர் நிலை இன்னும் மோசம். 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பு, ஓட்டும் உரிமையாளருக்கானது. வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ராம்கிலாடி வழக்கில் சொல்லிவிட்டது. நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடும்பம் இவ்வளவையும் பணயம் வைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பலகை கறுப்பாக இருந்தாலும் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'மோட்டார் கேப்' என்று வந்தால் வாடகை வண்டி. 'மோட்டார் கார்' என்று வந்தால் பலகை பொய் சொல்கிறது. இன்சூரன்ஸ், ஃபிட்னெஸ் தேதிகளும் அங்கேயே தெரியும்.

அடுத்தது அடமானம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து, அடகு வைக்க நமக்கே உரிமையில்லை. ஒரிஜினல் ஆதார், தொகை எழுதாத செக் இரண்டும் வேண்டாம். நகலும், ரசீதோடு கூடிய டெபாசிட்டும் போதும். என் அக்கா மகன் வர்க்கலை போய்வந்து வண்டியை ஒப்படைத்தபோது, பின்பக்க பம்பரில் கீறல் என்று டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஒரு காரியம் ஒழுங்காகச் செய்திருந்தான்: சாவி வாங்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து, கிலோமீட்டர், பெட்ரோல் முள் உட்பட வீடியோ எடுத்திருந்தான். கீறல் அதிலேயே தெரிந்தது. வக்கீல் நோட்டீஸ் போன பத்தாம் நாள் பணம் வந்தது.

வராமல் இருந்தாலும் வழி உண்டு. 1915க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வண்டி எடுத்த ஊருக்கே வந்து வழக்குப் போட வேண்டியதில்லை. மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம். மிதமிஞ்சிய டெபாசிட் கேட்பது 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அந்தச் சட்டமே பெயர் சொல்கிறது. ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் வைத்து வழக்காடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலும் பணம் அனுப்பிய பதிவும் கையில் இருக்க வேண்டும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை கள்ளனைப் போலக் கரையேறும். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமும் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் எச்சரிக்கை விடுகின்றன. எச்சரிக்கை வந்த அன்று காரை மணலை ஒட்டி நிறுத்தாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெட்டுப்போனால் சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது, பில் உங்கள் தலையில்தான் விழும். பூவாரிலும் மன்றோ துருத்திலும் படகேறும்போதும் பதிவெண்ணும் ஆள் கணக்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். 2023 மே 7 அன்று தானூரில் அந்தி சாய்ந்த பின் கிளம்பிய படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினார்கள். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது அது.

இவ்வளவையும் மீறி விபத்து நடந்துவிட்டால் 112க்கு அழையுங்கள். அடிபட்டவரை மருத்துவமனை சேர்ப்பது ஓட்டியவரின் சட்டக் கடமை. 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதம் அறிவித்த திட்டப்படி, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கையில் காசில்லாமலே சிகிச்சை உண்டு. அட்மிஷன் கவுன்ட்டரில் முன்பணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வையுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். கருமாதி, ஆஸ்பத்திரி என்று அலைகிற வீட்டில் அந்த ஆறு மாதம் போவதே தெரியாது; வீட்டில் ஒருவர் அந்தத் தேதியை முதல் வாரமே காலண்டரில் குறித்து வைக்கட்டும்.